மெழுகுக் கட்டியைத் தேடி பாறசாலைக்கு

"அது இங்க பத்திரமா உண்டு."

இந்த ஒரு வாக்கியத்தைத் தொலைபேசியில் ஆறு முறை கேட்ட பிறகுதான் நான் விமானம் ஏறினேன். சொன்னவர் என் மாமனார் கிறிஸ்துதாஸ். பத்திரமாக இருப்பதாக அவர் சொன்ன பொருள், தீப்பெட்டியில் பாதி அளவுள்ள ஒரு மெழுகுக் கட்டி; லேபில் அதை பிளாக் என்பார்கள். அதற்குள்ளே, என் மனைவி ஷீபாவின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த புற்றுநோய்க் கட்டியின் துண்டு ஒன்று பட்டாணி அளவுக்குப் பதிந்திருக்கும். பத்திரமாக இருந்தால் கூரியரில் அனுப்புங்கள் மாமா என்றால், "அனுப்பலாம், அனுப்பலாம். நீங்க சாப்பிட்டியளா?" என்பார். மெல்போர்னில் அப்போது காலை பத்தரை மணியாக இருக்கும். எந்தச் சாப்பாட்டைக் கேட்கிறார் என்றுகூடத் தெரியாது.

மனிதர் முப்பது வருடம் தபால் ஆபீசில் வேலை பார்த்து, போஸ்ட்மாஸ்டராக ஓய்வு பெற்றவர். ஊர் பார்சலையெல்லாம் உலகத்துக்கு அனுப்பியவருக்குச் சொந்த மகளுக்கு ஒரு பார்சல் அனுப்ப முடியவில்லை. எரிச்சல் வருமா, வராதா?

கதை இதுதான். மாமியார் இறந்து ஒரு வருடம் ஆனதற்கான ஜெபத்துக்காக நானும் ஷீபாவும் ஊருக்குப் போயிருந்தோம். போன இடத்தில் அவளுக்குச் சிறுநீரில் ரத்தம் வந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். வலது சிறுநீரகத்தில் கட்டி. நெய்யாற்றின்கரைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் சிறுநீரகத்தையே எடுத்துவிட்டார்கள். மூன்று வாரம் படுத்திருந்துவிட்டு மெல்போர்ன் திரும்பினோம். இங்கே உள்ள டாக்டர் அறிக்கைகளைப் படித்துவிட்டு, அறுவை சுத்தமாக நடந்திருக்கிறது, ஆனால் இந்த வகைக் கட்டி திரும்பி வரக்கூடியது என்றார். கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தெரிவதைத்தான் கத்தி எடுக்கும். அதற்கு முன்பே ரத்தத்தில் கலந்துபோன ஒன்றிரண்டு செல்கள் நுரையீரலிலோ எலும்பிலோ போய் உட்கார்ந்திருந்தால் யாருக்குத் தெரியும்?

அதற்காக ஒரு பரிசோதனைச் சிகிச்சை இருந்தது. எடுத்த கட்டியை ஆராய்ந்து, அதில் மட்டும் இருக்கும் மாற்றங்களைக் கண்டுபிடித்து, அந்த ஒரு நோயாளிக்கென்றே ஒரு தடுப்பூசி செய்வார்கள். உடம்பின் காவல்காரர்கள் அந்த அடையாளத்தைப் படித்துக்கொண்டு, எஞ்சிய செல்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். பலிக்கும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. பலிக்க வாய்ப்பு உண்டு என்றார். எங்களுக்கு அதுவே பெரிய சொல்லாக இருந்தது. சேர்வதற்கு நிபந்தனை ஒன்றுதான்: அறுவையில் எடுத்த கட்டியின் துண்டு, நான் விமானம் ஏறியதிலிருந்து பத்தாம் நாளான செவ்வாய்க்கிழமைக்குள் அவர்கள் கைக்கு வரவேண்டும். வராவிட்டால் ஷீபாவுக்கு அதில் இடம் இல்லை.

டிராம் வண்டிகளுக்கு நேர அட்டவணை போடுவது என் பிழைப்பு. ஒரு டிராம் இரண்டு நிமிடம் தாமதமானால் மூன்று பேர் எனக்குக் கடிதம் எழுதுவார்கள். அப்படிப்பட்ட என்னை ஞாயிற்றுக்கிழமை காலை திருவனந்தபுரத்தில் ஒரு பாசஞ்சர் ரயிலில் உட்கார வைத்தது விதி. ஒற்றைத் தண்டவாளம். எதிரே ஏதோ ஒரு வண்டி வரவேண்டும் என்று நெய்யாற்றின்கரையில் முக்கால் மணி நேரம் நின்றோம். எதிர் இருக்கைக்காரர் செருப்பைக் கழற்றி, காலை மடக்கி உட்கார்ந்து, ஒரு பொட்டலத்திலிருந்து வாழைப்பழ பஜ்ஜியான பழம்பொரியை எடுத்து எனக்கு ஒன்று நீட்டினார். எப்போது கிளம்பும் என்று கேட்டேன். "கிளம்பும்போது தெரியும்" என்று மலையாளத்தில் சொன்னார். பழம்பொரி சூடாக இருந்ததால் பேசாமல் தின்றேன்.

பாறசாலையில் மாமா குடையோடு நின்றார். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும், பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே, "மாமா, பிளாக் எங்கே?" என்றேன்.

"பத்திரமா உண்டு. கை கழுவுங்க. கிழங்கு ஆறிப் போவும்."

மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும். தேங்காய் அரைத்து, குடம்புளி போட்டு, மண்சட்டியில் கொதித்த குழம்பு. நான் திருச்சிக்காரன். எங்கள் ஊரில் கிழங்கு என்பது ஜுரம் வந்து தேறியவனுக்கும் பெருமாள் கோயில் வாசலில் விற்பவனுக்கும் உள்ள சமாச்சாரம். இங்கே அதைச் சோற்றுக்குப் பதிலாக மலைபோல் குவிக்கிறார்கள். கோபத்தோடு உட்கார்ந்தவன் இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றேன். அதற்காகவும் எனக்கு என்மேல் கோபம் வந்தது. சாப்பிட்டு முடித்துக் கேட்டபோது, "அது லேபில தான் உண்டு, நாளைக்குப் போய் கேளுங்க" என்றார் மாமா.

திங்கட்கிழமை அறுவை நடந்த ஆஸ்பத்திரியின் லேபுக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் இருந்தார். பெயரையும் நம்பரையும் சொன்னதும் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டி என் பக்கம் திருப்பினார். இரண்டாவது அபிப்பிராயத்துக்காக நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பிளாக் திரும்பி வந்ததும், வீட்டாரிடம் ஒப்படைத்தாயிற்று. வாங்கியவர் கையெழுத்து: பெ. கிறிஸ்துதாஸ். அழகான, வளைந்த, போஸ்ட்மாஸ்டர் கையெழுத்து.

"எனக்கு அவரை நன்றாக ஞாபகம் இருக்கிறது" என்று அந்தப் பெண் மலையாளத்தில் சொன்னார். "பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், எப்போதாவது தேவைப்படும் என்று சொன்னேன். எவ்வளவு நாள் வைக்கவேண்டும் என்று கேட்டார். எப்போதும் என்றேன். அதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டார்."

திரும்பிப் போகும் ஆட்டோவில் நான் ஒத்திகை பார்த்த வசனங்களை இங்கே எழுத முடியாது. வீட்டில் மாமா ரசவடையும் பால் சேர்க்காத கட்டன் சாயாவுமாகக் காத்திருந்தார். கையெழுத்தைப் பற்றிச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார். மறுபடி துடைத்தார்.

"ஓ, அது. லில்லிக்க கிட்ட குடுத்தேன். அவளுக்க வீட்டில பெரிய ஃபிரிட்ஜ் உண்டு."

லில்லி சித்தி ஷீபாவின் அம்மாவுக்குத் தங்கை. காஞ்சிரங்குளத்தில் டீச்சராக இருக்கிறார். அவருக்குப் போன் போடுங்கள் என்றால், அவளுக்கு போன் எடுத்தால் கேட்காது, நேரே போவதுதான் மரியாதை என்றார். செவ்வாய்க்கிழமை காலை பஸ் ஏறினேன். பாதி வழியில் டயர் பஞ்சர். டிரைவரும் கண்டக்டரும் இறங்கி டயரைப் பார்த்தார்கள். பயணிகளும் இறங்கி டயரைப் பார்த்தார்கள். ஒருவர்கூடப் புலம்பவில்லை. எங்கள் திருச்சியாக இருந்தால் அதற்குள் கண்டக்டரின் பரம்பரையே சந்திக்கு வந்திருக்கும். அடுத்த பஸ் வந்ததும் எல்லோரும் அதே அமைதியோடு அதில் ஏறினார்கள். மீன்கூடைக்கார அம்மா ஒருவர் கூடையை என் கால்மேல் வைத்துவிட்டு, "சாரே, ஒரு ரெண்டு ஸ்டாப்பு" என்றார். ஆறு ஸ்டாப் வரை கூடை இறங்கவில்லை.

லில்லி சித்தி பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு எனக்காகப் புட்டு அவித்திருந்தார். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார்.

"எனக்க ஃபிரிட்ஜில மீனும் மாவும் தான் உண்டு. அத்தான் எங்கிட்ட ஒண்ணும் தரல்ல."

பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"ஒரு காரியம் சொல்லுதேன். நீங்க ரெண்டுபேரும் பிளேன் ஏறிப் போன மறுவாரம் அக்காவுக்க கல்லறையில பூ வைக்கப் போனேன். அந்தப் பேரு எழுதின கிரானைட் கல்லு வருஷ ஜெபத்துக்கே போட்டதுதானே? அன்னைக்குப் பாத்தா, சுத்தி புது சிமெண்டு. ஈரம் காயல்ல. நான் விரலால தொட்டுப் பாத்தேன். அத்தானுக்க கிட்ட கேட்டதுக்கு, கல்லு இளகிப் போச்சுன்னு சொன்னாரு. ஒரு மாசத்தில கிரானைட்டு இளகுமா?"

புட்டைத் தட்டிலேயே வைத்தேன். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்ததை நம்பத்தான் முடியவில்லை.

மத்தியானம் வீடு திரும்பியபோது மாமா முற்றத்தில் மிளகைக் காயப்போட்டுக் கொண்டிருந்தார். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மாமா, அத்தையோட கல்லறைக்குள்ள என்ன வச்சீங்க?"

அவர் மிளகைக் கையால் பரப்பிக்கொண்டே இருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"அந்தப் பெண்ணு எப்பவும் பத்திரமா வைக்கணும்னு சொன்னா. எப்பவும்னா எவ்வளவு நாளு? நான் இருப்பேனா? நான் போனா இந்த வீட்டை வித்துருவிய. அலமாரிய ஆக்கருக்காரன் பழைய இரும்புன்னு தூக்கிட்டுப் போவான். தூரப் போடவும் ஒக்காது, பிள்ளைக்க சரீரமாக்கும். எப்பவும் இருக்கப்பட்ட இடம் அது ஒண்ணுதானே நமக்கு உண்டு? அவளுக்க அம்மைக்க கிட்ட வச்சா அவ பாத்துக்கிடுவா."

"அதை போன்ல சொல்லியிருக்கலாமே! ஆறு தடவை கேட்டேனே!"

"எப்பிடிச் சொல்ல? மக்கா, உனக்க சரீரத்தில உள்ளத நான் கல்லறையில கொண்டு வச்சாச்சுன்னு ஒரு அப்பன் மகளுக்க கிட்ட சொல்ல ஒக்குமா? சுகமில்லாத பிள்ளயாக்கும்."

எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. ஒன்பதாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து, மூன்று நாளைத் தொலைத்து, மீன்கூடையைச் சுமந்து... ஆனால் அவர் மறுபடி குனிந்து, பரப்பிய மிளகையே பரப்பத் தொடங்கினார். "திறந்து எடுக்கணும் மாமா" என்று மட்டும் சொன்னேன்.

"எடுக்கலாம். ஆனா சபையில கேக்கணும். அன்னைக்கு நான் கேக்கல்ல."

புதன்கிழமை காலை சபைக் கமிட்டியின் செயலாளர் சத்தியநேசனைப் பார்க்கப் போனோம். பாறசாலை சந்திப்புக்குப் பக்கத்தில் அவருக்கு ஹார்டுவேர்ஸ் கடை. பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். போதகர் ஊரில் இல்லை, எதுவானாலும் தன்னிடமே சொல்லலாம் என்றார். மாமா தலையைக் குனிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னார். செயலாளர் அதிர்ச்சி அடைவார், சபை ஒழுங்கு என்று சத்தம் போடுவார் என்று நான் தயாராக நின்றேன். அவர் சொன்ன முதல் வாக்கியம் இது:

"அப்பம் அந்த அரை மூட்டை சிமெண்டு அதுக்காக்கும். கோழிக்கூடுக்குன்னு எங்கிட்ட சொன்னீரு."

அடுத்து அவருக்கு மருத்துவத்தில் சந்தேகம் வந்தது. "வாக்சின்னா சீக்கு வராம இருக்கப் போடுறதில்லியா? வந்த பின்ன எதுக்கு?"

"வந்ததை வெட்டி எடுத்தாச்சு சார். இனி வேற இடத்துக்குப் பரவாம இருக்கறதுக்குத்தான் இது. மருந்து செய்யறவங்களுக்கு அடையாளம் தெரியணும். அந்த அடையாளம் அந்தத் துண்டுலதான் இருக்கு."

"அப்பம், கள்ளனுக்க போட்டோ கல்லறைக்குள்ள மாட்டிக்கிட்டுது."

"அதேதான் சார்."

"கொள்ளாம், நல்ல காரியம்" என்றார் செயலாளர், டாக்டர் எனக்குச் சொன்னதைவிட நன்றாகச் சொல்லிவிட்ட திருப்தியோடு. பிறகு மேஜைக்குள்ளிருந்து ஒரு நீளமான பதிவேட்டை எடுத்தார். கல்லறை திறந்தால் எழுதாமல் இருக்க முடியாது. சபை உண்டான நாள் முதல் அதுதான் வழக்கம். கோடு போட்ட பக்கத்தைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினார்.

"பேரு ஷீபா தானே? வயசு? மரிச்ச தேதி..."

நான் பதிவேட்டின்மேல் கையை வைத்து மூடிவிட்டேன். பேனா மை என் விரலில் பட்டது.

"சார், அவ உயிரோட இருக்கா."

"அது எனக்குத் தெரியாதா? மரிச்ச தேதி இடத்தில ஒரு கோடு போடுறேன்."

"கோடும் வேண்டாம், பேரும் வேண்டாம். இந்தப் புஸ்தகத்துல அவ பேர் வரக்கூடாது."

"பின்ன என்ன எழுத? பேரில்லாம கல்லறை திறக்க சட்டம் இல்ல."

நான் மூடநம்பிக்கைக்காரன் இல்லை. சகுனம் பார்த்ததில்லை. ராகுகாலத்தில் வீடு வாங்கியவன். ஆனாலும் அந்தப் பக்கத்தில், செத்தவர்களின் வரிசைக்குக் கீழே அவள் பெயரை எழுத ஒரு பேனா இறங்குவதைப் பார்த்தபோது எனக்குப் பயமாக இருந்தது. செயலாளரோடு அரை மணி நேரம் சண்டை போட்டேன். எந்த முடிவும் இல்லாமல் வெளியே வந்தோம்.

சாயங்காலம் ஷீபா கூப்பிட்டாள். "கிடைச்சுதா?" என்று கேட்டாள்.

"பத்திரமா இருக்கு" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த மாமா என்னைப் பார்த்தார். "அங்கே மழையா? சாப்பிட்டாயா?" என்று நானே அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை ஹர்த்தால். யார் அறிவித்தது, எதற்காக என்று நான் கேட்ட மூன்று பேர் மூன்று காரணம் சொன்னார்கள். கடைகள் இல்லை, பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. சனிக்கிழமை எனக்கு விமானம். கல்லறைக் கல்லைப் போட்ட கொத்தனார் செல்லையன், தமிழ்நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் களியக்காவிளையில் இருக்கிறார் என்று மாமா சொன்னார். நடந்தேன். வெயிலில் ஒரு மணி நேரம், ஈ காக்கை இல்லாத நெடுஞ்சாலையின் நடுவிலேயே நடந்தேன். எல்லையைத் தாண்டியதும் ஏதோ படுதாவைத் தூக்கியதுபோல் உலகம் மறுபடி தொடங்கியது. பஸ் ஹார்ன், பூக்கடை, புரோட்டா தட்டும் சத்தம், லாட்டரிச் சீட்டு வாங்கக் கேரளாவுக்குப் போக முடியாமல் நிற்கும் ஒரு கூட்டம். தமிழ்நாட்டை அவ்வளவு ஆசையோடு நான் என்றுமே பார்த்ததில்லை.

செல்லையன் சாயாக் கடையில்தான் இருந்தார். கிறிஸ்துதாசின் மருமகன் என்றதும் எழுந்து நின்றார். விஷயம் அவருக்கு முன்பே தெரியும். மெழுகுக் கட்டி இருந்த பாட்டிலை உள்ளே வைத்துப் பூசியவரே அவர்தான்.

"இண்ணைக்கு அங்கோட்டு வந்தா எனக்க ஸ்கூட்டருக்க காத்த இறக்கி விடுவானுவ. நாளைக்கு வாறேன்."

"எனக்கு நாளன்னைக்கு ஃபிளைட்டு."

"அதான், நாளைக்கு வாறேன்னு சொல்லுதேன். நாளன்னைக்கு வாறேன்னா சொன்னேன்?"

இரண்டு புரோட்டா தின்றுவிட்டு, ஒரு பொட்டலத்தில் மாமாவுக்கு இரண்டு கட்டிக்கொண்டு, திரும்ப நடந்து, சத்தமில்லாத கேரளாவுக்குள் நுழைந்தேன்.

வீட்டில் செயலாளர் சத்தியநேசன் உட்கார்ந்திருந்தார். கடை அடைப்பு என்பதால் நடந்தே வந்திருந்தார். பழைய கமிட்டித் தீர்மானங்களையெல்லாம் காலை முழுவதும் படித்தாராம். கல்லறை திறப்பதற்குத்தான் பதிவேட்டில் பெயர் எழுத வேண்டும். பெயர்க் கல்லைப் பழுது பார்க்கப் பெயர் தேவையில்லை, ஒரு விண்ணப்பம் போதும். கல்லைக் கழற்றும்போது உள்ளே ஏதாவது தென்பட்டால் அதை உடையவர் எடுத்துக்கொள்ளலாம். நான் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

"அப்ளிகேஷன்ல காரணம் எழுதணும். கல்லில விரிசல் உண்டா?" என்றார்.

"இல்லை."

"இல்லைன்னா எப்பிடி எழுத? தேவாலயக் காரியத்தில பொய் எழுத ஒக்காது. நாளைக்குப் பாப்போம்."

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தூறலில் நாலு பேரும் கல்லறைத் தோட்டத்தில் நின்றோம். மாமா கருப்புக் குடைக்குக் கீழே, வெள்ளை வேட்டி சட்டையில், ஞாயிறு ஆராதனைக்குப் போவதுபோல் வந்திருந்தார். கமலபாய் என்று மாமியாரின் பெயர் பொறித்த கருங்கல்லைச் செயலாளர் குனிந்து, சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. செல்லையன் அவ்வளவு நல்ல கொத்தனார்.

"விரிசல் இல்லியே" என்றார் செயலாளர். சொல்லிவிட்டு, மாமரத்தில் என்ன காய்த்திருக்கிறது என்று பார்ப்பதற்காக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

செல்லையன் என்னைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். உளியை ஒரு மூலையில் வைத்து, சுத்தியலால் ஒரே ஒரு தட்டு.

"சார், இஞ்ச ஒண்ணு உண்டு."

செயலாளர் திரும்பி வந்து, கண்ணாடியைத் தூக்கி மூலையை உற்றுப் பார்த்தார். "ஆமா. உண்டு" என்றார். சட்டைப் பையிலிருந்து எழுதி மடித்து வைத்திருந்த விண்ணப்பத்தை எடுத்தார். மாமாவின் முதுகை மேஜையாக்கி நான் கையெழுத்துப் போட்டேன். செயலாளரும் போட்டார். பிறகு கல்லைக் கழற்றச் சொன்னார்.

சிமெண்ட்டைக் கொத்தி எடுக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. கோழிக்கூட்டுக்கு வாங்கிய அரை மூட்டையும் அங்கேதான் இருந்தது. கல்லுக்குக் கீழே, செங்கல்லால் கட்டிய சின்ன மாடம். அதற்குள் சிவப்பு மூடி போட்ட ஊறுகாய் பாட்டில். தண்ணீர் புகாமல் இருக்க மூடியைச் சுற்றி மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றியிருந்தார் மாமா. ரிஜிஸ்தர் தபாலுக்கு அரக்கு வைத்த கை அல்லவா?

நான் மூடியைத் திறந்தேன். வெள்ளைக் கைக்குட்டைக்குள் பிளாஸ்டிக் சட்டத்தோடு மெழுகுக் கட்டி. சேதமில்லை. ஓரத்தில் லேப் எழுதிய நம்பர் ஓர் எழுத்துகூட அழியாமல் இருந்தது. பக்கத்துக் கல்லறைமேல் உட்கார்ந்துவிட்டேன். உட்காரக்கூடாது என்று செயலாளர் சொல்லவில்லை.

கைக்குட்டைக்கு அடியில் ஒரு தாள் இருந்தது. லேபிலிருந்து தந்த ரசீதோ என்று பிரித்தேன். அதே வளைந்த கையெழுத்து.

"கமலம், இது ஷீபாவுக்கது. நீ பயப்படாதே. அவ வரல்ல, இது மட்டும்தான். ஆப்பரேஷன் கழிஞ்சு சுகமாட்டு மருமகனுக்க கூட திரும்பிப் போயாச்சு. பத்திரமா வைக்கச் சொன்னாங்க. அதினால உனக்க கிட்ட வைக்கேன். நான் வாறது வரை நீ பாத்துக்கோ."

மகளின் உடம்பில் ஒரு துண்டு திடீரென்று பக்கத்தில் வந்தால், மகளே வந்துவிட்டாள் என்று அவள் அம்மா பதறிவிடக்கூடாது. அந்த மனிதருக்கு அது தோன்றியிருக்கிறது. ஐந்து நாளாக நான் அவரைப் பற்றி மனதில் சொன்னதையெல்லாம் நினைத்து எனக்கு அவமானமாக இருந்தது. அழுகை வந்தது. தூறல் இருந்ததால் சமாளித்தேன்.

மாமா தாளைக் கையில் வாங்கி, பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தார். கீழே ஒரு வரி சேர்த்தார்: "மருமகன் வந்து எடுத்தாரு. மருந்துக்காக்கும்." மடித்து மறுபடி பாட்டிலுக்குள் போட்டார். செல்லையன் கல்லைப் பொருத்திப் பூசினார். மூலையில் உள்ள விரிசலை அடைக்கட்டுமா என்றார். அப்படியே இருக்கட்டும் என்றார் செயலாளர். விண்ணப்பம் மெய்யாக இருக்க வேண்டுமாம்.

சனிக்கிழமை விமானத்தில் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தேன். டாக்டர் கடிதத்தை மூன்று இடத்தில் காட்டினேன். திங்கட்கிழமை மெல்போர்ன் ஆஸ்பத்திரியில் மெழுகுக் கட்டியை ஒப்படைத்தபோது ஒரு படிவம் கொடுத்தார்கள். லேபிலிருந்து இங்கே வரும்வரை இந்தத் துண்டு யார் பொறுப்பில், எந்த இடத்தில் இருந்தது? ஷீபா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பொய் எழுத எனக்கு வழி தெரியவில்லை. தகப்பனார் என்று எழுதினேன். அதற்குக் கீழே தாயார் என்று எழுதினேன். இடம் என்ற கட்டத்தில் நான் எழுதியதை அவள் எட்டிப் பார்த்தாள்.

பயப்படுவாள் என்று நினைத்தேன்.

"இவ்வளவு நாளும் அம்மைக்க கிட்டயா இருந்துது?" என்றாள். "அப்பம் ஒண்ணும் ஆயிருக்காது."

படிவத்தைப் படித்த நர்ஸ் அம்மாள், தாயாரின் தொடர்பு எண் விட்டுப்போயிருக்கிறது என்று என்னைப் போனில் கூப்பிட்டார். விளக்கிச் சொன்னேன். குளிர்ச்சியான, வெயில் படாத இடம்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அதற்குப் பிறகு சில வாரம் நாங்கள் பட்ட பாட்டை எழுதப் போவதில்லை. போன மாதம் செய்தி வந்தது. துண்டு நல்ல நிலையில் இருந்தது, அடையாளங்கள் கிடைத்துவிட்டன, தடுப்பூசி தயார். சென்ற வியாழன் ஷீபாவுக்கு முதல் ஊசி போட்டார்கள். கை வலிக்கிறது, லேசாக ஜுரம், வேறொன்றுமில்லை. பலன் தெரிய வருடங்கள் ஆகும்.

மாமாவுக்குப் போன் செய்து சொன்னேன். நல்லது, நல்லது என்று இரண்டு தடவை சொன்னார். சாப்பிட்டியளா என்று கேட்டார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இத அவளுக்க அம்மைக்க கிட்ட சொல்லாம இருக்க ஒக்காதில்லியா? செல்லையனுக்க கிட்ட சொல்லியாச்சு. திங்களாச்ச கல்லைக் கழத்துதோம். விரிசல் உண்டுதானே, சத்தியநேசனும் சரின்னு சொல்லியாச்சு."

ஒரு தாள் வைப்பதற்காக மறுபடியும் விண்ணப்பம், மறுபடியும் கொத்தனார், மறுபடியும் உளி. பழைய ஆளாக இருந்தால் கத்தியிருப்பேன்.

"வையுங்க மாமா" என்றேன். "ஆனா இந்தத் தடவை சிமெண்ட் கொஞ்சமா பூசச் சொல்லுங்க. அவளுக்கு இன்னும் நிறைய ஊசி பாக்கி இருக்கு."